சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: மாற்குவைச் சுருக்கிய மத்தேயு பற்றி ஒரு திறனாய்வு

இறையியல் மாணவர் விடைத்தாள்களைப் பல ஆண்டுகள் திருத்தியவர் எவரும் ஒன்றை அறிவர். நீட்டி எழுதுவது நம்மவர்க்கு எளிது; சுருக்கி எழுதுவதே அரிது. ஐந்து பக்கம் எழுதுக என்றால் எட்டுப் பக்கம் எழுதுவர். அதே பொருளை அறுபது சொற்களில் எழுதுக என்றால் எழுதுகோல் நின்றுவிடும். பள்ளியில் 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக' என்னும் வினாவுக்கு ஆண்டுதோறும் விடையெழுதிப் பழகியவர்களே இவர்கள். ஆயினும் அங்கே அவர்கள் பெரும்பாலும் கற்றது ஒன்றுவிட்டு ஒரு வாக்கியத்தை எடுத்தெழுதும் சூழ்ச்சியே.

சென்ற பருவத்தில் மூன்றாமாண்டு வகுப்பினர்க்கு மாற்கு 5:21–43 பகுதியைக் கொடுத்து, அறுபது சொற்களுக்கு மிகாமல் சுருக்கி வரையுமாறு கேட்டேன். யவீருவின் மகளும் பெரும்பாடுள்ள பெண்ணும் இடம்பெறும் அப்பகுதியை அறியாத மாணவர் இல்லை. வந்த தாள்களில் பெரும்பாலானவை இரு வகைக்குள் அடங்கின. முதல் வகையில், இயேசு நோயின்மேலும் மரணத்தின்மேலும் அதிகாரம் உடையவர், நாமும் விசுவாசத்தோடு அவரை அண்டினால் நலம் பெறுவோம் என்று எழுதப்பட்டிருந்தது. இதனைச் சுருக்கம் என்று கூற இயலாது. ஒரு பிரசங்கத்தின் மூன்றாம் தலைப்பு எனலாம். யவீரு என்ற பெயரை நீக்கி நாயீன் ஊர் விதவையின் பெயரால் வைத்தாலும் அவ்வாக்கியங்கள் அப்படியே பொருந்தும். இரண்டாம் வகையினர் எதையும் விட மனமின்றிப் படகு, கடற்கரை, திரளான மக்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தனர். அறுபதாம் சொல்லில் பெண் ஆடையைத் தொட்டாள். யவீருவின் மகள் வீட்டிலேயே கிடந்தாள்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இந்த வேலையை மத்தேயு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறாரே, அவரைப் பார்த்து எழுதியிருக்கலாமா?" என்று கேட்டார். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்தேன். வீடு திரும்பியபின் அவ்வினா என்னை விடவில்லை. மத்தேயு உண்மையில் நல்ல சுருக்கம் எழுதுகிறவரா? அவரைப் பார்த்து எழுதுக என்று மாணவர்க்குச் சொல்லலாமா? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய முற்படுகின்றேன்.

மத்தேயு மாற்குவின் நூலைக் கண்முன் வைத்துக்கொண்டே தம் நூலை எழுதினார் என்பது புதிய ஏற்பாட்டு அறிஞருள் பெரும்பாலோர் ஏற்கும் முடிபு. திருச்சபையில் நெடுங்காலம் வழங்கியதோ இதற்கு நேர்மாறான கருத்து. மாற்கு மத்தேயுவின் அடியொற்றிச் சென்று அவரைச் சுருக்கியவர் என்று அகுஸ்தீன், நற்செய்தியாளர்களின் ஒருமைப்பாடு பற்றிய தம் நூலில் எழுதினார். நூல்களின் முழு அளவைப் பார்ப்பவர்க்கு அது பொருத்தமாகவே தோன்றும். மாற்குவுக்கு 16 அதிகாரங்கள், மத்தேயுவுக்கு 28. ஆனால் நிகழ்ச்சிகளைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கின்றது. யவீருவின் மகள் பகுதி மாற்குவில் 23 வசனங்கள், லூக்காவில் 17, மத்தேயுவில் 9 மட்டுமே. அசுத்த ஆவிகள் பன்றிக் கூட்டத்துள் புகுந்த நிகழ்ச்சி மாற்குவில் 20 வசனங்கள், மத்தேயுவில் 7. சுருக்கியவர் மாற்குவே என்பார், அவர் ஏன் இக்கதைகளை நீட்டினார் என்பதற்கு விடை கூற வேண்டும். 1964இல் வில்லியம் ஃபார்மர் மத்தேயுவே முந்தியவர் என்ற நிலைக்குப் புத்துயிர் ஊட்டினார். அவர் வழி நிற்போர் இன்றும் சிலர் உளர். அவர்கள் கொள்கையே மெய்யாயினும் நம் ஒப்பீட்டின் பயன் குறையாது. விரித்தவரைப் பார்த்தும் சுருக்கக் கற்கலாம்.

மத்தேயுவின் கத்தரிக்கோல் எங்கெங்கே பட்டது என்று காண்போம். யவீரு என்ற பெயர் போயிற்று. வெறும் தலைவன் ஒருவன் நிற்கின்றான். நெருக்கும் மக்கள் கூட்டம் போயிற்று. பெண் பல மருத்துவரிடம் சென்று உள்ளதையெல்லாம் செலவழித்தும் முன்னிலும் கேடடைந்தாள் என்ற செய்தி போயிற்று. தம்மைத் தொட்டது யார் என்று இயேசு வினவுவதும், சீடர்கள் சலிப்போடு மறுமொழி கூறுவதும், பெண் நடுங்கி முன்வந்து உண்மை முழுவதையும் சொல்வதும் போயின. வீட்டிலிருந்து வந்த தூதர் இல்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் இல்லை. அரமேயச் சொல்லான தலீத்தாகூமி இல்லை. சிறுமியின் வயது இல்லை. அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்ற கட்டளையும் இல்லை.

இவ்வளவையும் நீக்கிய பின் எஞ்சுவது என்ன? ஒரு தலைவனின் வேண்டுகோள், ஒரு பெண்ணின் உள்ளத்து எண்ணம், இயேசுவின் சொல், இறந்தவள் எழுதல். போர்ன்காம், பார்த் ஆகியோருடன் இணைந்து 1960இல் வெளியிட்ட நூலில் ஹைன்ஸ் யோவாக்கிம் ஹெல்ட் இதனை நன்கு விளக்கினார். (இந்த பார்த் கெர்ஹார்ட் பார்த், மாணவர் பலர் எண்ணுவதுபோல் கார்ல் பார்த் அல்லர்.) மத்தேயு அற்புதக் கதைகளைச் சுருக்குவது இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமன்று, சுருக்குவதே அவர் விளக்கவுரை எழுதும் முறை என்பது ஹெல்டின் கருத்து. துணைப் பாத்திரங்களும் புறச்செயல்களும் குறையக் குறைய, வேண்டுவோரின் விசுவாசமும் இயேசுவின் சொல்லும் நேருக்கு நேர் நிற்கின்றன. மாற்குவில் பெண் தொட்டவுடனேயே நலமடைகின்றாள். இயேசுவின் சொல் பின்னர் வருகின்றது. மத்தேயுவில் இயேசு திரும்பி, அவளைக் கண்டு, சொல்லுகின்றார். அந்நேரமுதல் அவள் நலமடைகின்றாள். வரிசை மாறியது தற்செயலன்று.

இடமும் ஒரு காரணமே என்பதை மறுக்க வேண்டியதில்லை. மலைப்பிரசங்கம் போன்ற நீண்ட போதனைப் பகுதிகளை மாற்குவின் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர் மத்தேயு. அக்காலத்துச் சுருளேட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. போதனையை விரித்தவர் செயலைச் சுருக்கினார். அவர் வகுத்த ஒழுங்கைப் பாருங்கள்: 4:23உம் 9:35உம் ஏறத்தாழ ஒரே வாக்கியம். போதித்தார், அறிவித்தார், நலப்படுத்தினார் என்று இயேசுவின் பணி முழுவதையும் ஒரே வசனத்தில் அடக்கும் சுருக்கம் அது. அவ்விரு கதவுகளுக்கிடையே 5 முதல் 7 வரை சொல். 8, 9 செயல். ஒரு வசனத்தில் சுருக்கவும், அதே வசனத்தை ஐந்து அதிகாரங்களாக விரிக்கவும் தெரிந்த கை அது.

ஆகவே மத்தேயு, நம் முதல் வகை மாணவரைப் போல நிகழ்ச்சியை நீதியாக மாற்றிவிடவில்லை. இரண்டாம் வகை மாணவரைப் போல எல்லாவற்றையும் ஏற்றி வண்டியைச் சாய்க்கவுமில்லை. அவருடைய ஒன்பது வசனங்களும் ஒரு கதை. தொடக்கமும் முடிவும் உடையவை. மேலும் நுட்பமான ஒன்றைச் செய்கின்றார். மாற்குவில் தந்தை வரும்போது மகள் மரணத்தறுவாயில் இருக்கின்றாள். வழியில்தான் இறந்த செய்தி வருகின்றது. மத்தேயுவில் தந்தை வாய் திறக்கும்போதே அவள் இறந்துவிட்டாள். தூதரை நீக்க வேண்டுமானால் இறப்பை முன்னே நகர்த்தியாக வேண்டும். இல்லையேல் அவள் இறந்தது வாசகர்க்கு எவ்வாறு தெரியும்? ஓரிடத்தில் வெட்டினால் அது தாங்கியிருந்த பாரத்தை வேறோரிடத்தில் தாங்கச் செய்ய வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். வியப்பு என்னவெனில், இவ்வளவு வெட்டியவர் மாற்குவில் இல்லாத ஒன்றைச் சேர்க்கவும் செய்கின்றார்: வீட்டில் தாரை முழங்குவோர், அதாவது இழவுக்குக் குழல் ஊதுவோர். இஸ்ரவேலில் மிக ஏழையும் தன் மனைவியின் அடக்கத்துக்கு இரு குழல்களும் ஒப்பாரி வைப்பவள் ஒருத்தியும் அமர்த்த வேண்டும் என்பது மிஷ்னாவில் காணும் விதி. மாற்குவின் கதையில் சிறுமி சற்றுமுன்தான் இறந்தாள். மத்தேயுவின் கதையிலோ தந்தை புறப்படுமுன்னே இறந்துவிட்டாள். குழலூதுவோர் வந்து சேர நேரம் இருந்தது. கதையின் கணக்கு சரியாக நிற்கின்றது.

எல்லா இடத்திலும் அவர் இவ்வளவு விழிப்பாக இருந்தார் என்று சொல்ல முடியவில்லை. திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். மாற்கு 2இல் கூரை பிரிபடுகின்றது. அதன்பின் இயேசு அவர்கள் விசுவாசத்தைக் காண்கின்றார். மத்தேயு 9இல் கூரை இல்லை, வழியை அடைக்கும் கூட்டம் இல்லை. ஆயினும் இயேசு அவர்கள் விசுவாசத்தைக் காண்கின்றார். எதில் கண்டார்? படுக்கையோடு தூக்கி வந்ததே விசுவாசம் என்று உரையாசிரியர் சிலர் கூறுவர், அது மறுக்கத்தக்கதன்று. என்றாலும் மாற்குவைப் படியாதவர்க்கு அவ்வாக்கியம் அந்தரத்தில் தொங்குகின்றது. முடிவை வைத்துக்கொண்டு சான்றை நீக்கிவிடுதல் சுருக்குவோர்க்கு நேரும் மிகப் பொதுவான பிழை. நம் மாணவர் தாள்களில் பக்கந்தோறும் இதைக் காண்கின்றேன்: 'ஆகவே' இருக்கும், எதனால் 'ஆகவே' என்பது இராது.

இனி இழப்பைப் பற்றி. இங்குதான் மத்தேயுவோடு எனக்கு வழக்கு உண்டு.

மாற்குவின் பகுதி ஒரு கதைக்குள் மற்றொரு கதையை வைத்தது. தந்தையின் அவசரத்தின் நடுவே பெண் வருகின்றாள். இயேசு நிற்கின்றார். ஒரு சிறுமி செத்துக்கொண்டிருக்கையில், பன்னிரண்டாண்டு நோயோடு வாழ்ந்த ஒருத்தி, இன்னும் ஒரு நாள் பொறுக்கக் கூடியவள், தன் கதை முழுவதையும் சொல்ல அவர் நின்று கேட்கின்றார். யவீரு பக்கத்திலேயே நிற்கின்றான். அவன் ஒரு சொல்லும் பேசியதாக மாற்கு எழுதவில்லை. இயேசு அப்பெண்ணை மகள் என்றழைத்து விடைகொடுக்கும் அதே வேளையில், உன் மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி யவீருவுக்கு வருகின்றது. மகள் என்ற சொல் அடுத்தடுத்த இரு வசனங்களில் ஒலிக்கின்றது. ஒருத்தி மகளாகும்போது ஒருத்தி இழக்கப்படுகின்றாள். அவள் நோயுற்ற ஆண்டுகளும் சிறுமி வாழ்ந்த ஆண்டுகளும் பன்னிரண்டே. இப்பகுதியின் உயிர் அந்தத் தாமதத்தில் இருக்கின்றது. மத்தேயுவில் தாமதம் இருக்கின்றது. ஆனால் அதற்கு விலை இல்லை. சிறுமி முன்னமே இறந்துவிட்டமையால், இயேசு எவ்வளவு நேரம் நின்றாலும் எவர்க்கும் இழப்பில்லை. யவீருவின் காத்திருப்பு என்ற பொருளே மறைந்துவிட்டது.

மற்றோர் இழப்பு அப்பெண்ணின் பேச்சு. மத்தேயுவில் அவள் தன் உள்ளத்துள் எண்ணுகின்றாள், வாய் திறப்பதில்லை. மாற்குவிலோ உண்மை முழுவதையும் சொல்லுகின்றாள். அந்த உண்மையில் மருத்துவரும் இருப்பர், செலவும் இருக்கும், தீட்டென்று ஒதுக்கப்பட்ட ஆண்டுகளும் இருக்கும். மருத்துவர் பற்றிய அவ்வசனத்தைப் 'பின்னணிச் செய்தி' என்று குறித்து நீக்குவதே எந்தச் சுருக்கமும் முதலில் செய்யும் வேலை. மத்தேயுவும் அதையே செய்தார்.

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரம் நூலுக்குரிய பத்து அழகுகளையும் பத்துக் குற்றங்களையும் வரிசைப்படுத்துகின்றது. அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். இவ்விரண்டும் தத்தம் வரிசையில் முதலிடம் பெற்றதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கின்றேன். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் சொற்கள் குறைவு. வேறுபாடு எஞ்சிய சொற்களில் தெரியாது, மூலத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்நூலே, முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்து, மரபு அழியாமல் செய்வதை வழிநூல் என்கின்றது. அவ்வாறு செய்யும் வகைகளுள் ஒன்றாகத் தொகுத்தலையும் கூறுகின்றது. தமிழ் மாணவர்க்கு மத்தேயுவை அறிமுகப்படுத்த இதனினும் நல்ல இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை. மேலைநாட்டு நூல்களின் கலைச்சொற்களைத் தேடி அலையுமுன் நம் மாணவர் இப்பாயிரத்தை ஒருமுறை படித்தல் நலம்.

சுருக்கத்தைப் படிப்போரும் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். விட்டதெல்லாம் அறியாததன்று. உபாகமம் 26இல், முதற்கனியைக் கொண்டுவருபவன் இஸ்ரவேலின் வரலாற்றைச் சில வசனங்களில் அறிக்கையிடுகின்றான். அதில் எகிப்து உண்டு, விடுதலை உண்டு, நாடு உண்டு, சீனாய் மலை இல்லை. இந்த இன்மையை அடிப்படையாகக் கொண்டு சீனாய் மரபு தொடக்கத்தில் தனித்து வழங்கியது என்று 1938இல் கெர்ஹார்ட் ஃபொன் ராட் வாதிட்டார். பின்வந்தோர் பலர் அதனை ஏற்கவில்லை; அவ்வறிக்கையே பிற்காலத்துச் சுருக்கம் என்று அவர்கள் காட்டினர். விளைச்சலைக் கூடையில் ஏந்தி நிற்பவன் நாட்டைப் பற்றிப் பேசுகின்றான், அவ்வளவே. மத்தேயு யவீருவின் பெயரை விட்டமைக்கும் அறியாமையைக் காரணமாகக் கூறத் தேவையில்லை.

வகுப்பில் இவற்றையெல்லாம் கூறி முடித்ததும் மாணவர், "அப்படியானால் நீங்கள் எழுதிக் காட்டுங்கள்" என்றனர். நியாயமான கோரிக்கை. மூன்று நாள் அடித்தும் திருத்தியும் நான் எழுதிச் சென்றது இது:

மரணத்தறுவாயிலிருந்த தன் மகளைக் காக்க யவீரு இயேசுவை அழைத்துச் செல்கையில், பன்னிரண்டாண்டு நோயுற்றிருந்த பெண்ணொருத்தி மறைவாக அவர் ஆடையைத் தொட்டுக் குணமானாள். அவர் நின்று, அவள் முழுவதையும் சொல்லக் கேட்டு, மகளே என்றழைத்து அனுப்பினார். அத்தாமதத்துள் சிறுமி இறந்தாள். அஞ்சாதே என்று யவீருவைத் தேற்றி, வீடு சென்று, கைபிடித்து அவளை எழுப்பினார்.

இதில் 37 சொற்கள். அத்தாமதத்துள் சிறுமி இறந்தாள் என்ற மூன்று சொற்களைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. முதலில் அவ்விடத்தில் 'இதற்கிடையில்' என்று எழுதியிருந்தேன். அது காலத்தைக் காட்டியதேயன்றிக் காரணத்தைக் காட்டவில்லை. ஒரு மாணவி, நகைத்தவர்கள் எங்கே என்று கேட்டார். மற்றொருவர், உணவு எங்கே என்றார். இருவர்க்கும் என்னிடம் விடையில்லை. மருத்துவரை நானும் வெட்டியிருந்தேன் என்பதை எவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன், உதவிப் போதகனாய் இருந்த காலத்தில், ஒரு சேகரக் கமிட்டிக்கு நான் செயலாளன். கூட்டத்துக்கு வரும் மனுக்களை ஒரு மனுவுக்கு ஒரு வரியாகச் சுருக்கி நிகழ்ச்சி நிரலில் எழுதுவது என் பொறுப்பு. காலஞ்சென்ற உபதேசியார் ஒருவரின் மனைவி முழுத்தாளில் நான்கு பக்கம் மனு எழுதியிருந்தார். சபைக்குச் சொந்தமான வீட்டில் குடியிருந்தவர். புதிய உபதேசியார்க்கு அவ்வீடு தேவைப்பட்டது. கணவரின் நோய், எந்தெந்த மருத்துவமனை, எந்த மருந்துக்கு எவ்வளவு, எந்த நகை எப்போது அடகு போயிற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தேன். இடையிலிருந்தது புலம்பல் என்று எண்ணினேன். 'வீட்டைக் காலி செய்யத் தவணை கேட்கும் மனு' என்று ஒரு வரி எழுதினேன். கமிட்டி அவ்வரியின்மேல் இரக்கத்தோடு தீர்ப்புச் செய்தது: மூன்று மாதத் தவணை.

தீர்மானத்தைத் தெரிவிக்க நானே சென்றேன். அந்த அம்மா சற்றுநேரம் பேசாமல் இருந்து, பிறகு சொன்னார்: "நான் தவணை கேக்கலையே ஐயா. அவங்க சம்பளப் பாக்கியத்தானே கேட்டேன். அது வந்தா கடனை அடைச்சிட்டு நாளைக்கே போயிருவேனே."

எட்டு மாதச் சம்பளப் பாக்கி. மூன்றாம் பக்கத்தில், மருந்துக் கணக்கின் நடுவே அது இருந்தது. சபை அவர்க்குக் கடன்பட்டிருந்தது. என் ஒரு வரி அவரைச் சபைக்குக் கடன்பட்டவராக ஆக்கிற்று. அடுத்த கூட்டத்தில் விஷயத்தை மீண்டும் எடுத்தேன். முடிந்துபோன தீர்மானத்தைத் திறக்க வேண்டாம் என்றனர். நானும் இளையவன், வற்புறுத்தவில்லை. மூன்று மாதம் முடியுமுன்னே அவர் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கோயிற்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பலவகை மருத்துவரும் அவர்களுக்குச் செலவழிந்த பொருளும் என்ற அந்த மாற்குவின் வசனத்தை அதற்குப் பின் என்னால் பின்னணிச் செய்தி என்று படிக்க இயலவில்லை. மத்தேயுவின்மேல் இக்குற்றத்தை நான் சுமத்தவில்லை. அவர் 23 வசனங்களையும் படித்தே வெட்டினார் என்பதற்கு அவர் நகர்த்திய இறப்பும் சேர்த்த குழலும் சான்று. வெட்டிய பின்னும் அப்பெண்ணின் வேண்டுதல் அவர் கதையின் நடுவில் நிற்கின்றது; அவள் கேட்டது வேறொன்றாக மாறவில்லை. நான் படியாமல் வெட்டினேன். மாணவரின் தாளைத் திருத்தும்போது இப்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றே: இப்பகுதியில் பேசுகிறவர் எதைக் கேட்கின்றார், சுருக்கத்திலும் அதையே கேட்கின்றாரா? இது மாறாதிருந்தால் நடைப் பிழைகளுக்கு நான் அதிகம் மதிப்பெண் குறைப்பதில்லை.

மத்தேயுவிடம் இன்னொரு நற்பேறும் உண்டு. அது அவர் செய்ததன்று, திருச்சபை செய்தது. அவர் சுருக்கிய பின்னும் மாற்கு காப்பாற்றப்பட்டார். முதல் நூற்றாண்டுகளில் மாற்குவுக்கு உரையெழுதியோர் மிகச் சிலரே. மத்தேயு இருக்க அவர் எதற்கு என்று எண்ணியிருக்கலாம். ஆயினும் ஏட்டை எறிந்துவிடவில்லை. எல்லா மூலங்களுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. மக்கபேயரின் இரண்டாம் நூல் சிரேனே ஊர் யாசோன் எழுதிய ஐந்து நூல்களின் சுருக்கம். சுருக்கியவர் தம் முன்னுரையில் அப்பணி வியர்வையும் தூக்கமின்மையும் நிறைந்தது என்று ஒளியாமல் கூறுகின்றார். நுணுக்கங்களை மூல ஆசிரியர்க்கே விட்டுவிட்டதாகவும் சொல்லுகின்றார். சுருக்கம் எழுதும் மாணவர் அனைவரும் அம்முன்னுரையைப் படிக்க வேண்டும். நம் திருமறைப் பதிப்பில் அந்நூல் இல்லையென்றாலும் நூலகத்தில் உண்டு. யாசோனின் ஐந்து நூல்களும் இன்று இல்லை. நுணுக்கங்களை யாரிடம் விட்டாரோ அவரிடம் போய்க் கேட்க வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அச்சேகரத்துக்கு ஒரு வழிபாட்டுக்காகச் சென்றிருந்தேன். ஆராதனை முடிந்தபின் அலுவலகத்தில் பழைய மினிட் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அந்த ஒரு வரி இருந்தது. எதிரே, மூன்று மாதம் அனுமதிக்கப்பட்டது என்று இருந்தது. மனுக்கள் வைக்கும் கட்டைக் கேட்டேன். கட்டடம் புதுப்பித்தபோது பழைய தாள்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.